ஒன்றுவிட்ட பாடம்

பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் பேனையைத் தொடுவேன். வேலைபார்த்த கந்தோரில் கோவைகளின் மேல்மூலையிலும் பிள்ளையார் சுழி போட்டு இரண்டு தரம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இது என்னுடைய சொந்தத் தாள். அதனால் பயமில்லாமல் போட்டிருக்கிறேன்.

போன மாதம் கார்த்திகா என்ற பிள்ளை தொலைபேசி எடுத்தார். பட்டப்படிப்புக் கல்லூரி ஒன்றில் நான் இருந்த கதிரையில் இப்போது அவர்தான் இருக்கிறார்.

"ஐயா, இனிப் பாடப் பதிவெல்லாம் கொம்பியூட்டரிலை. பிள்ளையள் வீட்டிலை இருந்தே போனிலை பதியினம். யன்னலடிக்கு ஒருத்தரும் வாறேல்லை. எங்கடை ஆண்டு மலருக்கு நீங்கள் ஒரு கட்டுரை எழுதித் தரவேணும்."

"நான் என்ன பிள்ளை எழுதிறது? நான் அங்கை படிப்பிச்சனானோ, படிச்சனானோ?"

"நீங்கள் கீறின தாளுகள் இன்னும் அலுமாரியிலை கிடக்கு ஐயா. அதைப்பற்றி எழுதுங்கோ."

கொம்பியூட்டர் வந்தது நல்லது என்றுதான் சொல்லுவேன். அதற்குக் களைப்பு இல்லை. அதன் வீட்டில் துக்கம் நடப்பதுமில்லை. எழுபது வயதை நெருங்குகிற நான் நீர்வேலியில் தனியே ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். மகன்மார் இருவரும் கனடாவில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். எழுத நேரத்துக்குக் குறைவில்லை.

என் படிப்பு பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. கல்லூரியில் கோவை தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று விலாசம் எழுதவிட்டார்கள். பிறகு தட்டச்சு பழகி, பரீட்சை எழுதி, இலிகிதர் ஆனேன். எல்லாமாகப் பத்து வருடம் பிடித்தது. அதில் சொல்ல வேறு விசேடம் இல்லை. பாடப் பதிவு மேசைக்கு என்னை மாற்றிய பிறகுதான் சொல்லக்கூடிய வேலை தொடங்கியது.

நாலு வருடம், எட்டு அரையாண்டு, நூற்றிருபது கிரெடிட். இதுதான் பட்டம். கேட்க இலேசாக இருக்கும். ஆனால் சில பாடங்கள் வேறு பாடத்தில் சித்தியடைந்தால்தான் எடுக்கலாம். சில பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஊரிலிருந்து இரண்டு பஸ் பிடித்துக் காங்கேசன்துறைக்குப் போகிறவனைப் போலத்தான் மாணவனும். முதல் பஸ்ஸை விட்டால் இரண்டாவதும் போய்விடும். இரண்டாம் வருடத்தில் தவறிய ஒரு பாடம் நாலாம் வருடத்தில் வந்து குறுக்கே படுக்கும்.

நான் ஒரு முறை வைத்திருந்தேன். புல்ஸ்காப் தாளில் எட்டுக் கோடு கீறுவேன். கட்டாயப் பாடம் மையில், தெரிவுப் பாடம் பென்சிலில். எழுதத் தொடங்குவது முதல் அரையாண்டிலிருந்து அல்ல, எட்டாவதிலிருந்து. முடிகிற இடத்தில் என்ன இருக்கவேண்டும் என்று முதலில் போட்டுவிட்டு, அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று பின்னுக்கு வருவேன். முன்னாலிருந்து போட்டால் எல்லாம் சரிபோலத் தெரியும். கடைசிக் கட்டத்தில்தான் ஓட்டை தெரியும். ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்தது.

எங்கள் பதிவாளர் என்னைவிட வயதில் குறைந்த ஓர் அம்மா. குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. கோவையில் ஏதாவது பிழை கண்டால், ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல் எழுதி அனுப்புவார்: 'கதைக்கவும்'. அந்தச் சொல் வந்தால் யாராக இருந்தாலும் போவதற்கு முன் கோவையை ஒருதரம் புரட்டிப் பார்ப்போம். போனால் முதலில் இருக்கச் சொல்லுவார். பிறகு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைப்பார். விரலால் காட்டமாட்டார். எங்கள் பிழையை நாங்களே தேடி வாசிக்கும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏச்சு வாங்குவது அதைவிடச் சுகம்.

எல்லாப் பாடங்களும் ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை. 'கள ஆய்வு முறைகள்' என்ற கட்டாயப் பாடத்துக்கு எங்களிடம் ஒரேயொரு விரிவுரையாளர்தான் இருந்தார். அதனால் அதை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் நடத்துவோம். மூன்றாம் வருடமும் நாலாம் வருடமும் சேர்ந்திருந்து கேட்பார்கள். நான் அதற்கு 'ஒன்றுவிட்ட பாடம்' என்று பெயர் வைத்திருந்தேன். பெடியள் பகிடி பண்ணுவார்கள். "ஐயா, ஒண்டுவிட்ட அண்ணை தெரியும், ஒண்டுவிட்ட மச்சாள் தெரியும். உதென்ன ஒண்டுவிட்ட பாடம்? எந்தப் பாடத்துக்குச் சொந்தம்?" எனக்கு அந்தப் பகிடியில் ஒரு சந்தோசம். அதனாலேயே அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெனிற்றா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் சந்தையில் மீன் விற்று வளர்த்தார். இரண்டாம் வருடம் புள்ளிவிபரவியலில் தவறிவிட்டதால் மூன்றாம் வருடத்தில் அதைத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது. அது நடக்கும் நேரமும் கள ஆய்வு முறைகள் நடக்கும் நேரமும் ஒன்று. பதிவு நாளில் யன்னலுக்கு வந்து, எதை எடுக்கிறது என்று கேட்டார்.

அந்தக் கிழமையைப்பற்றி நான் ஒன்று சொல்லவேண்டும். மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் கிழமை அது. மகன்மார் வந்து, கிரியை செய்து, போய்விட்டார்கள். இன்னும் லீவு இருந்தது. வீட்டில் இருக்க முடியாமல்தான் வந்தேன். யன்னலுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். என் காதில் எல்லாம் தூரத்தில் விழுந்தது.

"பிள்ளை, உது ஒண்டுவிட்ட பாடம். கவனம். புள்ளிவிபரத்துக்குப் பின்னேரம் இன்னொரு குறூப் இருக்கு. விளங்கிச்சுதோ?"

"ஓம் ஐயா."

பின்னால் நின்ற ஒருவன், "அக்கா, கலியாணம் பேசிறியளோ? கெதியா விடுங்கோ" என்றான். அவர் விலகினார். அடுத்த நாள் நிரப்பிய படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். நான் முத்திரை குத்தினேன். அன்று நான் எத்தனையோ படிவத்துக்கு முத்திரை குத்தினேன். ஒன்றையும் வாசித்ததாக ஞாபகம் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து, நாலாம் வருட மாணவர்களின் கிரெடிட்டைக் கூட்டிப் பார்க்கிற வேலை வந்தது. கடைசி அரையாண்டு தொடங்க இரண்டு கிழமை இருந்தது. ஜெனிற்றாவின் தாளில் மூன்று குறைந்தது. திரும்பக் கூட்டினேன். மூன்றுதான். கள ஆய்வு முறைகளை அவர் எடுக்கவேயில்லை. அந்த வருடம் அது நடக்கிற வருடமும் அல்ல.

அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"பிள்ளை, நான் சொன்னனான் எல்லே, அது ஒண்டுவிட்ட பாடம் எண்டு?"

"ஓம் ஐயா, சொன்னனீங்கள். ரெண்டிலை ஒண்டை விடவேணும், அது விட்ட பாடம், அதை விடு எண்டு சொல்லிறியள் எண்டு நினைச்சன். பிறகு எடுக்கலாம்தானே எண்டு விட்டன்."

"அப்ப ஏன் ஓம் எண்டனீர்?"

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை இன்றைக்கும் அப்படியே எழுதலாம். "நீங்கள் கேட்டுப்போட்டுப் பேனையை மூடிப்போட்டியள் ஐயா. பின்னாலையும் தள்ளிக்கொண்டு நிண்டவங்கள். பேனையை மூடின ஆளிட்டை என்னெண்டு திருப்பிக் கேக்கிறது? ஓம் எண்டுதான் சொல்லலாம்."

பிறகு, "இப்ப என்ன ஐயா செய்யிறது?" என்றார். தீவுப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கப்போகிறார்கள், அந்த வருடத்துக்குள் பட்டம் முடித்தவர்கள்தான் விண்ணப்பிக்கலாம், இதை விட்டால் அடுத்து எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது என்றார். "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. சந்தையிலை நிலத்திலை இருந்து எழும்ப ரெண்டு பேர் பிடிக்கவேணும். இந்த வருசத்தோடை நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

பிழை என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். பக்கத்து மேசை இலிகிதர் தவராசா கேட்டுக்கொண்டிருந்தார். "பாப்பம் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பிறகு தவராசா கதிரையை என் பக்கம் இழுத்தார். "அண்ணை, ஏன் முகம் கறுக்குது? கோவையிலை 'மாணவிக்கு ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டது' எண்டு ஒரு வரி போட்டுவிடுங்கோ. சொன்னனீங்கள்தானே? பொய்யில்லையே."

பொய்யில்லை. அதுதான் கஷ்டம். அந்த ஒரு வரி போதும், பழி பிள்ளையின் தலையில் இறங்கிவிடும். எனக்கு அப்போது தரம் உயர்வதற்கான நேர்முகம் வரவிருந்தது. கோவையில் என் பெயருக்கு எதிராக ஒரு குறிப்பு ஏறினால் அது நடக்காது என்பதும் தெரியும்.

பகல் முழுக்க எழுதாமல் வைத்திருந்தேன். வீட்டில் மனைவி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். "சாப்பிட்டிட்டு யோசியுங்கோ" என்பார். அது போதுமாயிருக்கும். அடுத்த நாள் விடியக் குளித்து, பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஐயர் இன்னும் வரவில்லை. மூடின கதவுக்கு முன்னால் நின்று முழுவதையும் வாய்விட்டுச் சொன்னேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லுவதில்லை. ஆனால் சொல்லிக்கொண்டு போகும்போது, முத்திரை குத்திய இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. கடவுளிடமே ஒரு வரியை ஒளிக்கிறேன் என்றால் அந்த வரிதானே விசயம்.

கந்தோருக்குப் போய் எழுதினேன். 'இம்மாணவிக்கு வாய்மொழியாகச் சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டாரா என்று பார்க்கவில்லை. படிவத்தை வாசிக்காமல் முத்திரை குத்தினேன். பிழை என்னுடையது.' கையெழுத்து வைத்து மேலே அனுப்பினேன். தவராசா தலையில் கைவைத்தார்.

மத்தியானம் கோவை திரும்பி வந்தது. பச்சை மை. 'கதைக்கவும்.'

பதிவாளர் வழக்கம்போல் இருக்கச் சொன்னார். ஆனால் தாளை என் பக்கம் திருப்பவில்லை. தன் பக்கமே வைத்துக்கொண்டு வாசித்தார்.

"மிஸ்டர் பொன்னம்பலம், இதை நான் கல்லூரிச் சபைக்குப் போட்டால் உங்களிட்டை விளக்கம் கேப்பினம். தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"போடாட்டி இந்தப் பிள்ளைக்காக நான் ஒண்டும் கேக்கேலாது. கந்தோரின்ரை பிழை எண்டால்தான் பாடத்தை விசேடமாய் நடத்தச் சொல்லலாம்."

"போடுங்கோ மேடம்."

அவர் யன்னலைப் பார்த்தார். "வைஃபின்ரை செத்தவீட்டுக்கு வந்தனான். நீங்கள் அவ்வளவு கெதியிலை வேலைக்கு வந்தது எனக்குத் தெரியும். லீவிலை போங்கோ எண்டு நான் சொல்லேல்லை." பிறகு கோவையை மூடினார்.

சபை இரண்டு தரம் கூடியது. விரிவுரையாளர் சம்மதித்தால் நடத்தலாம் என்றார்கள். அவர் தெல்லிப்பழையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது, நெஞ்சுவருத்தம் வேறு. நான்தான் போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நடத்தலாம். ஆனால் வரவு எண்பது வீதம் இருக்கவேணும். வழக்கமாய் பத்துப் பேர் வராட்டியும் எனக்குத் தெரியாது. இதிலை ஒராள் வராட்டி வகுப்பே கட் அடிச்சமாதிரி எண்டு சொல்லிவிடும்."

சின்ன அறைகள் எல்லாவற்றிலும் வேறு வகுப்புகள் நடந்ததால், மேல்மாடியில் எண்பது பேர் இருக்கும் மண்டபத்தைத்தான் தந்தார்கள். கிழமையில் இரண்டு நாள், காலை எட்டு மணி. திறப்பது என் வேலை இல்லை. ஆனாலும் நான்தான் போய்த் திறந்தேன். எண்பது கதிரைக்கு நடுவில் ஒரு பிள்ளை. முதல் நாள் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார். விரிவுரையாளர் மேடையில் ஏறி, வரவுப் புத்தகத்தை விரித்து, அவருடைய மாணவர் சுட்டிலக்கத்தை முழுதாக வாசித்தார்.

"பிரசென்ற், சேர்."

அவர் புள்ளடி போட்டு, புத்தகத்தை மூடி, மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "பின்னுக்கு இருக்கிறவை முன்னுக்கு வாங்கோ" என்றார். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்.

ஆனால் ஒவ்வொரு நாளும் சிரிப்பு இல்லை. கூட்டமாக இருந்தால் ஒரு பிள்ளை கொஞ்சம் கண்ணயரலாம், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கலாம். இங்கே அது ஒன்றும் இல்லை. ஒருநாள் படியில் இறங்கி வரும்போது, "எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று கேட்டேன். "சேர் கேக்கிற எல்லாக் கேள்வியும் எனக்குத்தான் ஐயா. தெரியாது எண்டு சொல்லவும் நான்தான். இடைவேளைக்குக் கதைக்கவும் ஆளில்லை" என்றார். ஆளில்லாமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி என்ன பயன். "இன்னும் ஏழு கிழமைதான்" என்றேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் குருநகர்ப் பக்கம் வெள்ளம். எட்டரையாகியும் அவர் வரவில்லை. விரிவுரையாளர் போகவில்லை. வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு மேடையிலேயே இருந்தார். ஒன்பது மணிக்கு முழங்கால்வரை நனைந்து வந்தார் பிள்ளை. அன்றும் சுட்டிலக்கத்தை முழுதாக வாசித்துத்தான் பாடம் தொடங்கியது.

பரீட்சையும் அப்படித்தான். ஒரு வினாத்தாள், ஒரு கதிரை, மேற்பார்வைக்கு ஒருவர், தண்ணீர் கொடுக்க நான். விதிப்படி மணி அடித்து, "எல்லாரும் எழுதத் தொடங்கலாம்" என்றார் மேற்பார்வையாளர். மூன்று மணித்தியாலம் மண்டபத்தில் பேனைச் சத்தம் மட்டும் கேட்டது.

இதற்கிடையில் எனக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். தரம் உயரவில்லை. அதே தரத்தோடுதான் ஓய்வும் பெற்றேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். தவராசா எனக்கு மேலே போனார். அதற்காக அவர் என்னோடு கதைக்காமல் விடவில்லை. அந்த நாளிலிருந்து 'ஒன்றுவிட்ட' என்ற சொல்லை நான் யன்னலில் சொன்னதில்லை. 'இந்த வருசம் இருக்கு, வாற வருசம் இல்லை, அதனாலை இப்ப எடு' என்று நீட்டிச் சொல்லுவேன். விளங்கிச்சுதோ என்று கேட்பதையும் விட்டேன். "இப்ப நீர் எனக்குச் சொல்லும், எதை எப்ப எடுப்பீர்?" என்று கேட்பேன். பிள்ளை திருப்பிச் சொல்லிமுடியும்வரை பேனை திறந்தே இருக்கும். வரிசை நீண்டது. அவசரப்படாமல் இருந்து கேட்பதால் எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும்.

பெறுபேறு வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. நானே தட்டச்சுச் செய்து, பதிவாளர் கையெழுத்து வைத்து, அறிவித்தல் பலகையின் கண்ணாடிக்குள் ஒட்டினேன். பெரிய தாள். மேலே பாடத்தின் பெயர். நடுவில் ஒரேயொரு சுட்டிலக்கம், பக்கத்தில் 'சித்தி'. மிச்சமெல்லாம் வெள்ளை.

ஜெனிற்றா தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தாய் மெல்ல மெல்லப் படியேறி வந்து, மூச்சு வாங்க நின்றார். "எங்கை பிள்ளை உன்ரை நம்பர்?" என்று கேட்டு, கண்ணாடியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"தேடத் தேவையில்லை அம்மா. அது ஒண்டுதான்."

"மற்றப் பிள்ளையள்?"

"மற்றப் பிள்ளையள் இல்லை அம்மா. நான் மட்டும்தான்."

தாய் திரும்பி என்னைப் பார்த்தார். "ஒரு பிள்ளைக்கெண்டோ ஐயா இவ்வளவு பேரும் மினைக்கெட்டனீங்கள்?"

சுற்றிவர ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் இந்தமுறை சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். "மினைக்கேடில்லை அம்மா. என்ரை பிழை. உங்கடை மகளுக்கு விளங்கக்கூடினமாதிரி நான் சொல்லேல்லை. படிவத்தையும் பாக்காமல் குத்திப்போட்டன். அவவிட்டையும் இண்டைவரைக்கும் சொல்லேல்லை."

ஜெனிற்றா தலையைக் குனிந்துகொண்டார். தாய் கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். மீன் வாங்க வந்தவரின் குணம் பார்க்கிற பார்வை அது.

"சொல்லிப்போட்டியள்தானே. விடுங்கோ" என்றார். பிறகு, "உங்கடை பிள்ளையள் என்ன செய்யினம் ஐயா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் கனடா."

"வீட்டுக்காரி?"

"இல்லை அம்மா. மோசம் போயிட்டா."

"அப்ப வீட்டிலை ஆர்?"

"நான்தான்."

அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, சிலுவை அடையாளம் போட்டார். "அப்பிடிச் சொல்லாதையுங்கோ. ஒராளுக்கெண்டு அந்த வாத்தியார் மழையிலையும் வந்தவரெல்லே? ஒராள் இருக்கிற வீட்டுக்குக் கடவுள் வரமாட்டாரோ? உங்கடை ஆளோ எங்கடை ஆளோ, ஆரோ ஒராள் வருவார்."

மகள் கையைப் பிடிக்க, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார்.

பின்னேரம் நீர்வேலிக்கு வந்து வாசற் படலையைத் திறந்தேன். உள்ளே வந்ததும் சாத்திக் கொளுவுவதுதான் என் வழக்கம். அன்று சாத்த மனம் வரவில்லை. விளக்கு ஏற்றி, தேவாரம் பாடி முடியும்வரை, அது திறந்தபடியே கிடந்தது.